ஒப்புகை வந்தது, படம் வரவில்லை: ஒரு சுரங்கத்து உணரி வலையின் நிகழ்வு ஆய்வு

படத்தின் மேல் பாதி பளிச்சென்று இருந்தது. சுரங்கத்தின் கூரை, கேபிளைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், ஓரத்தில் ஒரு விளக்கு, எல்லாம் தெளிவு. கீழ்ப் பாதி முழுக்க ஒரே சாம்பல். நாங்கள் பார்க்க வேண்டிய கேபிள் இணைப்பு அந்தச் சாம்பலுக்குள்தான் இருந்தது.

"சார், கூரையைப் பார்த்து நான் என்ன செய்யறது?" என்றார் மேற்பார்வையாளர். நியாயமான கேள்வி.

வேலை இதுதான். மின்கேபிள்கள் ஓடும் ஒரு நிலத்தடிச் சுரங்கத்தில் 12 கணுக்கள், அதாவது ரேடியோ வைத்த சின்ன உணரிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெப்பநிலை உணரி. நான்கில் மட்டும் சின்னக் கேமராவும் மைக்கும். எங்காவது ஓர் இணைப்பு சூடேறினால் எச்சரிக்கை 1 விநாடிக்குள்ளும், அந்த இடத்தின் படம் 10 விநாடிக்குள்ளும் சுரங்க வாயிலில் இருக்கும் கணினிக்கு வந்துவிட வேண்டும். எல்லாமே பேட்டரியில். பல ஆயிரம் வோல்ட் கேபிளுக்குப் பக்கத்திலேயே கணுவைத் தொங்கவிட்டாலும் அதிலிருந்து நமக்கு ஒரு சொட்டு மின்சாரம் எடுக்க அனுமதி கிடையாது. வைஃபை வேண்டாம் என்று முடிவானதும் இதனால்தான்.

கணுவில் இருந்தது சிசி2420 ரேடியோவும் எம்எஸ்பி430 கட்டுப்படுத்தியும். ரேம் 10 கிலோபைட். பழைய சாமான்தான், ஆனால் கையில் இருந்தது, அதன் குணமும் தெரியும் என்று நினைத்தோம். கேமராப் பலகை 320×240 கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்து, ஜேபெக்காகச் சுருக்கி, கணுவின் ஃபிளாஷ் நினைவகத்தில் போட்டுவிடும். சுருக்கிய படம் சுமார் 7 கிலோபைட்.

கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது

குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்களுக்கான ஐஇஇஇ 802.15.4 தரநிலையின்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் விநாடிக்கு 250 கிலோபிட். இந்த எண்ணை நம்பி இறங்குகிறவர்கள் நிறைய. அதனால் இதை ஒருமுறை பிரித்துப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

ஒரு ஃபிரேம், அதாவது காற்றில் ஒரே தடவையில் போகும் தரவுத் துண்டு, அதிகபட்சம் 127 பைட். முன்னால் ஒட்டும் 6 பைட்டையும் சேர்த்து, பைட்டுக்கு 32 மைக்ரோ விநாடி வீதம் 4.256 மில்லி விநாடி. அனுப்புவதற்கு முன் கணு சற்றுக் காத்திருக்க வேண்டும். 0 முதல் 7 வரை ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்து, அத்தனை 0.32 மில்லி விநாடி. சராசரி 1.12. அப்புறம் அலைவரிசை காலியா என்று கேட்க 0.128. பெறும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்கு ரேடியோ மாற 0.192. அனுப்பி முடித்ததும் எதிர்ப்பக்கம் மாற இன்னொரு 0.192. கிடைத்தது என்று எதிர்ப்பக்கம் அனுப்பும் 11 பைட் ஒப்புகைக்கு 0.352. கூட்டினால் 6.24 மில்லி விநாடி. தலைப்புகள் போக ஒரு ஃபிரேமில் படத்துக்கென்று மிஞ்சுவது எங்களுக்கு 100 பைட். ஆக 250 கிலோபிட் என்பது ஒரே தாவலில், அதாவது ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவதிலேயே, 128 ஆகிவிட்டது. ஃபிளாஷிலிருந்து படிப்பது, ரேடியோவின் இடைநினைவுக்கு நகலெடுப்பது இதெல்லாம் இன்னும் சேரவே இல்லை.

கடைசிக் கணுவிலிருந்து வாயிலுக்கு ஐந்து தாவல். எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறார்கள். ஒரு கணு அடுத்ததற்கு அனுப்பும்போது, அடுத்த கணுவும் அதற்கடுத்ததும் பேசக்கூடாது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் கிடைக்கும். 128 இப்போது 43. அதுவும் யாரும் யார் மேலும் மோதாத நல்ல நாளில்.

இதிலேயே வீடியோ ஆசை போய்விட்டது. விநாடிக்கு 10 படம் என்றால் 560 கிலோபிட் வேண்டும். நேரடி ஒலியும் போய்விட்டது. தொலைபேசித் தரத்தில், 8 கிலோஹெர்ட்ஸ் 8 பிட் ஒலிக்கு 64 கிலோபிட். பாதியாகச் சுருக்கினாலும் 32, அதாவது பாதையின் முக்கால்வாசி. மேற்பார்வையாளருக்கு இணைப்பில் பொறி தட்டும் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதானே? 2 விநாடி ஒலியைப் பதிவு செய்து, 8 கிலோபைட் கோப்பாக, படங்களெல்லாம் போன பிறகு கெடு ஏதும் இல்லாமல் அனுப்பலாம் என்று பேசி முடித்தோம். நேரலையாகக் கேட்டால் முடியாதது, பதிவாகக் கேட்டால் சாதாரண வேலை. அவரும் ஒத்துக்கொண்டார்.

படம் என்றால் 70 பாக்கெட், ஃபிரேமுக்கு ஒன்று. மூன்று மடங்கு 6.24 வீதம் ஒரு படத்துக்கு 1.3 விநாடி. நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் அனுப்பினால்கூட 5 விநாடி சொச்சம். கெடு 10 விநாடி. தாராளம்.

மேசையில் வைத்துச் சோதித்தபோது படம் அழகாக வந்தது. சுரங்கத்தில் மாட்டிய பிறகும் ஒரு கணுவை மட்டும் தூண்டியபோது வந்தது. அப்புறம் ஏழாவது கணுவுக்குப் பக்கத்தில் வெப்பக் காற்று ஊதியை வைத்தோம்.

ஒன்றைச் சூடாக்கினால் மூன்று கத்தும்

சுரங்கத்தில் காற்று ஒரு பக்கமாக நகரும். ஏழாவது கணுவின் சூடு எட்டுக்கும் ஒன்பதுக்கும் போனது, கொஞ்ச நேரத்தில் பத்துக்கும். மூன்று கேமராக்கள் கிட்டத்தட்ட ஒன்றாக விழித்தன. நான்கு எச்சரிக்கைகள் கிளம்பியிருக்க வேண்டும். வாயிலுக்கு வந்தது மூன்று. ஒன்பதாவது கணுவின் எச்சரிக்கை வரவே இல்லை. படங்கள் மூன்றும் வந்தன, மூன்றும் சாம்பல்.

உணரி வலையை வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அலுவலக வலையில் ஆளாளுக்கு அவரவர் வேலை, நெரிசல் அங்கங்கே பரவிப் போய்விடும். உணரி வலை பல நாள் வாயே திறக்காது. திறந்தால் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி, ஒரே நொடியில் பேசும். சராசரிச் சுமை என்ற எண்ணுக்கு இங்கே அர்த்தமே இல்லை. நாங்கள் நான்கு கேமராவுக்கும் கணக்குப் போட்டது உண்மை. ஆனால் மொத்த நேரத்தைத்தான் போட்டோம், அந்த முதல் அரை விநாடியில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

முதலில் ரேடியோ மேல் பழி போட்டோம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பராமரிப்புக் குழுவின் வைஃபை இடையூறு செய்கிறதோ என்று, வைஃபையின் 1, 6, 11 சேனல்களுக்கு வெளியே இருக்கும் 26-ஆம் சேனலுக்கு மாறினோம். மாற்றமில்லை. ஆன்டெனாக்களைத் திருப்பி வைத்தோம். மாற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாத கணு மோதல் என்றார் குழுவில் ஒருவர். அதாவது, ஒன்றையொன்று கேட்க முடியாத இரண்டு கணுக்கள் நடுவில் இருப்பவரிடம் ஒரே நேரத்தில் பேசுவது. அது இருக்கத்தான் இருந்தது. ஆனால் அப்படி மோதினால் ஒப்புகை வராது, அனுப்பியவர் மறுபடி அனுப்புவார், பதிவேட்டில் அது தெரியும். பதிவேடு வேறு கதை சொன்னது: ஒவ்வொரு கணுவும் தான் அனுப்பியதில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒப்புகை வந்துவிட்டது என்று சாதித்தது. எல்லாரும் கொடுத்துவிட்டேன் என்கிறார்கள், வாயிலில் சரக்கு இல்லை.

இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் நிரலில் ஒரே ஓர் எண்ணியைச் சேர்த்தோம். பாக்கெட் வந்துவிட்டது, ஆனால் அடுத்த கணுவுக்குப் போகக் காத்திருக்கும் வரிசையில் வைக்க இடமில்லை என்ற கிளையில். மறுநாள் ஊதியை வைத்தபோது நான்காவது கணுவில் அந்த எண்ணி சரசரவென்று ஏறியது.

விஷயம் இதுதான். சிசி2420-இல் தானியங்கி ஒப்புகை என்று ஒரு வசதி உண்டு. ஃபிரேம் பிழையில்லாமல் காற்றிலிருந்து இறங்கியதும் ரேடியோ சில்லே ஒப்புகை அனுப்பிவிடும். அந்த பாக்கெட்டைக் கட்டுப்படுத்தி எடுத்துக்கொண்டதா, வைக்க இடம் இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வாசலில் நிற்கும் காவலாளி கூரியரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே ஆளில்லை என்று தெரிந்ததும் குப்பையில் போடுவதுபோல. இந்தக் கோளாறு தெரிந்துதான் டைனிஓஎஸ் இயங்குதளத்தில் மென்பொருள் ஒப்புகையையே, அதாவது பாக்கெட் கைக்கு வந்தபின் நிரல் அனுப்புவதையே, இயல்புநிலையாக வைத்திருந்தார்கள். நாங்கள் வேகத்துக்காக அதை மாற்றி வைத்திருந்தோம். யார் மாற்றியது என்ற ஆராய்ச்சியில் இறங்கவில்லை. அநேகமாக நான்தான்.

வரிசையில் 16 பாக்கெட்டுக்குத்தான் இடம். 10 கிலோபைட் ரேமில் அதற்கு மேல் கொடுக்க முடியாது. மூன்று கேமராக்கள் ஆளுக்கு 70 பாக்கெட்டை மூச்சு விடாமல் தள்ளினால் 16 எம்மாத்திரம்? வரிசையும் முதலில் வந்தவர் முதலில் போகும் வரிசை. ஒன்பதாவது கணுவின் 30 பைட் எச்சரிக்கை, மூன்று படங்களுக்குப் பின்னால் நின்று, இடமில்லாமல் விழுந்துவிட்டது.

ஒரு பாக்கெட் போனால் பாதிப் படம் போவது ஏன்

ஜேபெக், படத்தை 8×8 கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தை, முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்ற வித்தியாசமாக எழுதும். போதாததற்கு, எல்லாம் வெவ்வேறு நீளக் குறிகளாக இடைவெளியில்லாமல் ஒட்டி ஓடும். நடுவில் ஒரு 100 பைட் காணாமல் போனால், அடுத்த குறி எங்கே தொடங்குகிறது என்றே படிப்பவருக்குத் தெரியாது. 100 பாக்கெட்டில் ஒன்று மட்டும் தொலைகிறது என்று வைத்துக்கொண்டாலும், 70 பாக்கெட்டும் முழுசாக வந்துசேரும் வாய்ப்பு 0.99-இன் 70-ஆம் அடுக்கு, ஏறத்தாழ 49 சதவீதம். இரண்டு படத்துக்கு ஒன்று பழுது! வலையைப் பார்க்கிறவர் 99 சதவீதம் என்று தட்டிக்கொடுத்துக்கொள்வார். படத்தைப் பார்க்கிறவருக்கு அது 49.

மருந்து ஜேபெக்கிலேயே இருக்கிறது. மறுதொடக்கக் குறிகள். 1,200 கட்டங்களில் எட்டுக்கு ஒரு குறி வைத்தோம். அந்த இடத்தில் வித்தியாசக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு பாக்கெட்டில் முழுத் துண்டுகளை மட்டும் அடுக்கி, எத்தனையாவது துண்டு என்ற எண்ணையும் ஒட்டி அனுப்பினால், ஒன்று தொலைந்தாலும் படத்தில் ஒரு சின்னக் கீற்றுதான் போகும். குறிகளால் படம் சுமார் 5 சதவீதம் பெருத்தது. துண்டுகளை உடைக்காமல் அடுக்கியதில் இடம் வீணாகி, 70 பாக்கெட் 80-ஐத் தொட்டது. நான் இதை மலிவான விலை என்றே சொல்வேன்.

திருத்தம், அப்புறம் திருத்தத்தின் திருத்தம்

ஒப்புகையை மென்பொருளுக்கு மாற்றி, வரிசையில் இடமிருந்தால்தான் அனுப்புவது என்று வைத்தோம். ஒரு நாள் நன்றாக ஓடியது. மறுநாள் பாதைகள் குரங்குபோலத் தாவத் தொடங்கின. காரணம் யோசித்தால் சிரிப்பு வரும். எந்த இணைப்பில் ஒப்புகை தவறுகிறதோ அதை மோசமான இணைப்பு என்று பாதைத் தேர்வு நிரல் குறித்துக்கொள்ளும். நான்காவது கணு வேலைப் பளுவில் ஒப்புகை அனுப்பாமல் இருக்க, நிரல் அதை நோஞ்சான் என்று முடிவு கட்டி, மூன்றாவது கணுவுக்கு நேராக எட்டிப் பேசப் பார்த்தது. அந்த நீள இணைப்புதான் உண்மையிலேயே நோஞ்சான்.

நிறைந்திருக்கிறேன் என்பதும் கேட்கவில்லை என்பதும் வேறு வேறு செய்தி. இரண்டையும் ஒரே மௌனத்தால் சொன்னதுதான் தப்பு. ஒப்புகை ஃபிரேமில் ஒரு பிட், உனக்கு இன்னும் செய்தி பாக்கி இருக்கிறது என்று சொல்வதற்காகத் தரநிலை வைத்தது, எங்களுக்குப் பயன்படாமல் கிடந்தது. வலை முழுக்க நம்முடையது என்பதால் அதைத் திருடிக்கொண்டோம். வரிசையில் நான்கு இடம் அல்லது அதற்குக் குறைவாக மிஞ்சினால் அந்த பிட் 1. அதைக் கண்டவர் 50 மில்லி விநாடி படப் பாக்கெட் எதையும் அனுப்பக் கூடாது. அவருடைய வரிசை நிறைய, அவர் தனக்குப் பின்னால் இருப்பவரை நிறுத்த, நெரிசல் படிப்படியாகப் பின்னோக்கிப் போய்க் கேமராவையே நிறுத்தும். அங்கே நிற்பது பிரச்சினையே இல்லை. படம் ஃபிளாஷில் பத்திரமாகத்தான் இருக்கிறது. நடு வழியில் 16 இடத்துக்கு அடித்துக்கொள்வதைவிட, கிளம்பும் இடத்திலேயே காத்திருப்பது எவ்வளவோ மேல்.

எச்சரிக்கைக்குத் தனி வரிசை, தனி இடம். படங்கள் எத்தனை வந்தாலும் அந்த இடத்தைத் தொட முடியாது. ஆனால் கணுவுக்குள் முன்னுரிமை கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு கணுவின் எச்சரிக்கை, பக்கத்துக் கணுவின் படத்தோடு காற்றில் போட்டி போட வேண்டியிருக்கிறதே. அதற்கு, காத்திருக்கும் எண்ணையே மாற்றினோம். எச்சரிக்கைக்கு 0 முதல் 1 வரை, படத்துக்கு 0 முதல் 31 வரை. வைஃபையில் 802.11இ தரநிலை செய்வதும் இதே தந்திரம்தான்.

கேமராக்கள் தாமாக அனுப்புவதை நிறுத்தி, வாயில் கணு கேட்டால் மட்டும் அனுப்பும்படி செய்தோம். அதிகச் சூடு எங்கேயோ அங்கிருந்து முதலில். அதுவும் உடனே முழுப் படம் இல்லை. முதலில் 80×60 சிறுபடம், சுமார் 10 பாக்கெட். 25 மில்லி விநாடிக்கு ஒன்று என்று நிதானமாக அனுப்பினாலும் நான்கு சிறுபடங்களும் 1 விநாடியில் வந்துவிடும். அதன்பின் முழுப் படங்கள், ஒன்றுக்கு 2 விநாடி. மொத்தம் 9. கெடுவுக்குள் அடங்கியது, மூச்சு முட்டத்தான்.

ஒவ்வொரு பாக்கெட்டும் தன் மிச்சக் கெடுவைச் சுமந்துகொண்டு போகும். கணுக்களின் கடிகாரங்களை ஒன்றாக வைப்பது பெரிய தலைவலி, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு கணுவும் தன்னிடம் அது எவ்வளவு நேரம் இருந்தது என்று கழித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கும். கெடு தீர்ந்தால் அங்கேயே கைவிடும். 2006-இல் வெளியான எம்எம்ஸ்பீடு நெறிமுறையிலிருந்து எடுத்த யோசனை இது. அதன் மற்ற அம்சங்கள், அதாவது பல பாதைகளில் பிரித்து அனுப்புவது, வேக அடுக்குகள் எல்லாம் எங்களுக்கு உதவவில்லை. நேர்கோட்டுச் சுரங்கத்தில் மாற்றுப் பாதைக்கு எங்கே போவது?

802.15.4-இலேயே உத்தரவாத நேரத் துண்டுகள் என்று இருக்கிறதே என்று கேட்கலாம். ஏழுதான் உண்டு, அதுவும் எல்லாரும் ஒரே தலைவருக்கு நேராகப் பேசும் நட்சத்திர அமைப்புக்கு. ஐந்து தாவலுக்கு ஆகாது. 2012-இல் 802.15.4இ கொண்டுவந்த டிஎஸ்சிஎச் வேறு ரகம். நேரத்தை வழக்கமாக 10 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, யார் எப்போது எந்த அலைவரிசையில் என்று முன்கூட்டியே அட்டவணை போடும். அக்கம்பக்க ஜோடிகள் வெவ்வேறு அலைவரிசையில் பேசலாம் என்பதால், நடுக் கணு ஒரு துண்டில் வாங்கி அடுத்த துண்டில் கொடுத்துவிடும். 20 மில்லி விநாடிக்கு 100 பைட், அதாவது 40 கிலோபிட். எங்கள் 43-ஐவிடக் குறைவுதான். ஆனால் எங்கள் 43 நல்ல நாள் கணக்கு, அந்த 40 அட்டவணையில் எழுதி வைத்தது. இன்று புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் எடுப்பேன்.

தூக்கத்தின் விலை

இந்த ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 18.8 மில்லி ஆம்பியர் தின்னும். 0 டிபிஎம் (1 மில்லி வாட்) திறனில் அனுப்பும்போது 17.4. பேசுவதைவிடக் காது கொடுப்பதற்கு அதிகம். 2,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 133 மணி நேரம், ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். அதனால் ரேடியோ தூங்கியே ஆக வேண்டும். 125 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழித்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும்.

எச்சரிக்கை ஒவ்வொரு தாவலிலும் அடுத்தவர் விழிக்கக் காத்திருக்கும். மோசமான நிலையில் ஐந்து தாவலுக்கு 625 மில்லி விநாடி. 1 விநாடிக் கெடுவில் பெரும்பகுதி தூக்கத்துக்கே போய்விட்டது. அரை விநாடிக்கு ஒருமுறை விழித்தால் பேட்டரி இன்னும் நாள் தாங்கும், எச்சரிக்கை இரண்டரை விநாடி பிந்தலாம். மேற்பார்வையாளரிடம் இரண்டையும் சொன்னோம். ஒரு விநாடியை விட்டுக்கொடுக்கவில்லை.

படத்துக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தூங்குபவரை எழுப்பிக்கொண்டிருந்தால், 80 பாக்கெட்டுக்குச் சராசரி 62.5 மில்லி விநாடி வீதம் ஒரு தாவலுக்கே 5 விநாடி. ஆகவே எச்சரிக்கை கடந்து போன வழியில் உள்ள கணுக்கள் அடுத்த 15 விநாடிக்குத் தூங்காது. பின்னால் படம் வரும் என்று அவற்றுக்குத் தெரியும்.

ஊதியை மறுபடி வைத்தோம். எச்சரிக்கைகள் நான்கும் வந்தன. சிறுபடங்கள் வரிசையாக விழுந்தன, பின்னாலேயே முழுப் படங்கள். ஒன்றில் இரண்டு கீற்று காணோம், இணைப்பு தெளிவாகத் தெரிந்தது. மேற்பார்வையாளர் திரையில் சிறுபடங்களைப் பார்த்தார், ஒன்றைக் காட்டி "இதை மட்டும் பெரிசு பண்ணுங்க" என்றார். மற்ற முழுப் படங்களை அவர் திறக்கவே இல்லை. அடுத்தடுத்த சோதனைகளிலும் அப்படியேதான்.

இப்போது சிறுபடங்கள் மட்டும் தானாக வருகின்றன. முழுப் படத்துக்கு ஒரு பொத்தான். ஒலிக்கு இன்னொன்று.